கடலில் நின்ற புள்ளி

யாஸ்னா தூக்கத்தில் எழுந்து நடக்கிறாள் என்று முதலில் சொன்னவன் என் தம்பி எர்வின், அவளுடைய புருஷன். சொன்னபோது அவன் அவள் பக்கத்தில் படுத்திருக்கவில்லை. சிலே நாட்டின் மறுமுனையில், வடக்குப் பாலைவனத்தில், செம்புச் சுரங்கத்தின் தொழிலாளர் விடுதியில் இருந்தான். எங்கள் தீவிலிருந்து அங்கே போகப் படகு, பஸ், விமானம் எல்லாம் ஏற வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து, தன் மனைவி படுக்கையை விட்டு எழுந்து போனதை அவன் பார்த்துவிட்டானாம்.

"செல்போன் காட்டுச்சுக்கா," என்றான்.

எங்கள் சிலோயே தீவுகளில் ஆண்கள் வடக்கே சம்பாதிக்கப் போவது புதிதில்லை. என் அப்பா போனார், சித்தப்பா போனார். போனவர்கள் போன இடத்தில் கிடந்தார்கள். நாங்கள் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டு, சிப்பி பொறுக்கிக்கொண்டு, யாரையும் கேட்காமல் எங்கள் பாட்டுக்கு இருந்தோம். இப்போது போகிறவர்கள் முழுதாகப் போவதில்லை. உடம்பு மட்டும் வடக்கே போகிறது, கண்ணை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஆரம்பத்தில் அது கொஞ்சலாகத்தான் இருந்தது. புதுக்கல்யாண ஜோடி, ஆள் இருக்கிற இடத்தை வரைபடத்தில் புள்ளியாகக் காட்டுகிற செயலியைப் போட்டுக்கொண்டார்கள்; அவள் போனில் அவன் புள்ளி, அவன் போனில் அவள் புள்ளி. "பாருங்க அண்ணி, உங்க தம்பி சாப்பிடப் போறாரு," என்று காட்டுவாள். நானும் எட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பிறகு அவன் புள்ளி அணைந்துபோனது. சுரங்கத்துக்குள் சிக்னல் இல்லை என்றான். விடுதியில் இருந்து மணிக்கணக்காகப் பேசுகிறவனுக்குச் சிக்னல் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவன் பேச்சை மாற்றினான். அவள் புள்ளி மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

எங்கள் பக்கத்தில் சூனியக்காரர்களிடம் சல்லாங்கோ என்றொரு கண்ணாடி இருக்கும் என்பார்கள். அதில் பார்த்தால் யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துவிடுமாம். சின்ன வயதில் அதற்குப் பயந்து போர்வைக்குள் புகுந்து உடை மாற்றியிருக்கிறேன். இப்போது அதைக் கடையில் தவணைக்குத் தருகிறார்கள்.

யாஸ்னா அக்கரைத் தீவுக்காரி. கல்யாணத்தின்போது அவள் அப்பா சீராகக் கொடுத்தது ஒரு வீடு. வீடு கட்டப் பணம் கொடுத்தார் என்று நினைக்க வேண்டாம், வீட்டையே கொடுத்தார். மரவீடு, சுவர் முழுக்க மஞ்சள் பூசிய மரச்சில்லுகள். அடியில் பெரிய மரங்களைச் செருகி, காளைகளைப் பூட்டிக் கரைக்கு இழுத்து, பீப்பாய்களைக் கட்டி மிதக்கவிட்டு, படகுகள் இழுத்துக்கொண்டுவர, எங்கள் நிலத்தில் ஏற்றி வைத்தார்கள். மிங்கா என்போம். ஊரே வந்து உழைக்கும், கூலி கிடையாது, வயிறு நிறையச் சாப்பாடு உண்டு. யாராவது வாசலில் வந்து மிங்காவுக்குக் கூப்பிட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் இங்கே இல்லை. எதிரி கூப்பிட்டாலும் போக வேண்டும். வீடு கரையேறியபோது யாஸ்னா ஜன்னலில் நின்று கையசைத்தாள். "ஊருல வீட்டோட மாப்பிள்ளை பாத்திருக்கோம், வீட்டோட பொண்ணு இப்பத்தான்டா பாக்கிறோம்," என்று எர்வினைக் கேலி செய்தார்கள். அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். அப்போதெல்லாம் சிரிப்பான்.

பிறகு கேள்விகள் வந்தன. கடைக்குப் போகிற வழியில் ஏன் நின்றாய்? பூட்ஸ் கயிறு கட்டினேன். கயிறு கட்ட அவ்வளவு நேரமா? கோயிலில் ஏன் கடைசி வரிசையில் உட்கார்ந்தாய்? படகுத் தச்சன் ஒராசியோ வீட்டு வேலியோரமாக ஏன் போனாய்? ஒராசியோ மனைவியை இழந்தவர், பாதிக் காது கேட்காது. அவர் வேலியை விட்டால் கிணற்றுக்கு வேறு வழி கிடையாது. போனை எப்போதும் ஏப்ரன் பையில் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு. படுக்கும்போது மட்டும் சமையலறை ஜன்னலோர ஆணியில் மாட்டுவாள்; அங்கேதான் சிக்னல் வரும்.

அதுவும் ஒழுங்காக வராது. எங்கள் தீவில் செல்போன் கோபுரம் இல்லை. அக்கரையில் ஒன்று, அதற்கும் அப்பால் ஒன்று. மழை கனத்தால் சிக்னல் இங்கும் அங்கும் தாவும். அது தாவும்போது யாஸ்னாவின் புள்ளியும் தாவும். ஒரு நாள் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும், ஒரு நாள் ஒராசியோவின் கொட்டகையில் நிற்கும். ஒரு தடவை நட்டநடுக் கடலில் நின்றது. எர்வின் ஒவ்வொன்றையும் படமாக அனுப்புவான். விடிந்ததும் அவள் அதைத்தான் முதலில் பார்ப்பாள்.

முதலில் சிரித்தாள். "அண்ணி, ராத்திரி நான் கல்லறைக்குப் போய்ட்டு வந்தேனாம். எல்லாரும் சௌக்கியம்னு சொல்லச் சொன்னாங்க," என்றாள். சில வாரங்களில் சிரிப்பு நின்றுபோனது. காலையில் எழுந்ததும் பூட்ஸைத் திருப்பிப் பார்த்தாள், அடியில் ஈரம் இருக்கிறதா என்று. நான் ஒரு நாள் சீக்கிரமே போனபோது கதவின் உட்பக்கம், நிலைப்படியோரம், கோதுமை மாவு தூவியிருந்தது.

"என்னடி இது, எறும்புக்கு விருந்தா?"

"இல்ல அண்ணி. நான் போனா காலடி தெரியும்ல."

"நீ எங்கடி போற?"

"தெரியலையே. அதத்தான் பாக்கிறேன்."

அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்தத் தீவில் பெண்கள் பறவையாகிப் பறந்தார்கள், இறந்தவர்கள் விளக்கேற்றிய கப்பலில் போகிறார்கள் என்று எத்தனையோ கதை கேட்டு வளர்ந்தவள் நான். எதற்கும் பயப்பட்டதில்லை. தன்னைத் தானே வேவு பார்க்கிற ஒரு பெண்ணை அன்றுதான் பார்த்தேன், பயந்தேன்.

அடுத்த வாரம் ஓடி வந்தாள், தலையில் துண்டுகூட இல்லாமல் மழையில் நனைந்துகொண்டு. மாவில் தடம் இருந்ததாம். தன் காலை அதன்மேல் வைத்துப் பார்த்தாளாம், அளவு சரியாக இருந்ததாம். விறகெடுக்கப் போயிருப்பாய், ஒன்றுக்குப் போயிருப்பாய், அரைத் தூக்கத்தில் மறந்திருப்பாய் என்றேன். தலையாட்டினாள். நம்பவில்லை.

"அவரு சொல்றது சரியா இருந்தா? எனக்கே தெரியாம நான் போய்ட்டு வந்தா?"

அன்று அவள் வீட்டிலேயே, அவள் கட்டிலிலேயே படுத்தேன். நான் நூற்ற கம்பளி நூலை அவள் மணிக்கட்டில் ஒரு முனையும் என் மணிக்கட்டில் மறுமுனையுமாகக் கட்டிக்கொண்டேன். அவள் புரண்டபோதெல்லாம் விழித்தேன். விடியும்போது நூல் அப்படியே இருந்தது. போன் அடித்தது. நூல் இழுபட நானும் அவளோடு சமையலறைக்குப் போய், போனை நானே எடுத்தேன்.

"ராத்திரி கடல் ஓரம் என்னடி பண்ண?" என்றான் என் தம்பி.

"டேய், நான் உன் அக்கா நெல்டா பேசறேன். இவளை என் கையோட கட்டிப்போட்டுத் தூங்கவச்சிருக்கேன். நூல இன்னும் அவுக்கல. அந்த மிஷின் பைத்தியம்டா. மழை பெஞ்சா உளறுது."

"நீயும் அவளுக்கு உடந்தையாக்கா?" என்றான்.

என்னிடம் வளர்ந்தவன். அவனுக்குக் காய்ச்சல் என்றால் நான் சாப்பிடாமல் கிடந்திருக்கிறேன். அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விட்டுப்போனது. யாஸ்னா அமைதியாக நூலை அவிழ்த்து, உருண்டையாகச் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

"அண்ணி, நான் வீட்டுக்குப் போறேன்."

"இதானேடி வீடு?"

"ஆமா. இதத்தான் எடுத்துட்டுப் போறேன்."

நிலம் எங்களுடையது, வீடு அவளுடையது. அதில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆனால் எர்வினுக்கு முன்பே தெரிந்தால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பான். அழுவான், கெஞ்சுவான், கதவில் சாய்ந்துகொள்வான், அவள் இரக்கப்பட்டு விடுவாள். இன்னொரு குளிர்காலம் மாவு தூவினால் அவள் புத்தி தங்காது. அவன் அடுத்த விடுப்புக்கு வருவதற்குள் வீடு அக்கரையில் இருக்க வேண்டும். அதுவும் அவனுக்குத் தெரியாமல், ஊரையே கூட்டி, பட்டப்பகலில்.

முறைப்படி வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். என் வாசலுக்கும் வந்தாள், தினமும் பின்பக்கமாக வருகிறவள் அன்று முன்கதவைத் தட்டினாள். "அண்ணி, எனக்கு ஒரு மிங்கா வேணும். காளையும் வேணும்," என்றாள். காளைகள் எர்வினுடையவை, கிளவேல், லுசேரோ. நான்தான் மேய்க்கிறேன். மிங்காவுக்குக் கேட்டால் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். அப்படியொரு வழக்கம் இல்லாவிட்டாலும் கொடுத்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

மிங்காவை நடத்தித் தந்தவர் தோன் செகுந்தோ; பெரியவர்களை மரியாதைக்குத் தோன் என்போம். எங்கள் தீவில் நகர்ந்த வீடெல்லாம் அவர் குரலில்தான் நகர்ந்தது. அன்று காலை உருளைக்கிழங்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் வந்தார்.

"போனைப் போடு. படம் எடுத்து ஊருக்குக் காட்டறவனுக்குக் கறி கிடையாது, சிப்பி கிடையாது, வெறும் உருளைக்கிழங்குதான்."

"என் போன்ல கேமராவே ஒடஞ்சிருச்சு தோன்," என்றான் ஒருவன்.

"அப்ப உனக்கு எதுக்குடா அது? போடு."

என் போனை மட்டும் விட்டுவைத்தார். எர்வின் யாஸ்னாவை எட்ட முடியாவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவான். அக்கா எடுக்கவில்லை என்றால் சந்தேகப்படுவான். யாஸ்னாவின் போன் ஆணியிலேயே தொங்கியது. எடுத்து அணைத்து வை என்றேன்.

"வேண்டாம் அண்ணி. நடக்காததையெல்லாம் பாத்தாரு. நடக்கிறத ஒரு தடவை பாக்கட்டும்."

அப்படிச் சொன்னபோது அவள் குரலில் கோபம்கூட இல்லை.

தோன் செகுந்தோ குரல் கொடுத்தார். காளைகள் நுகத்தில் தலையைத் தாழ்த்தின. வீடு முனகியது, பிறகு அசைந்தது. மஞ்சள் வீடு ஈரப்புல்லில் சரிவில் இறங்கத் தொடங்கியது. ஆட்கள் கயிற்றைப் பிடித்துக் கத்தினார்கள், பெண்கள் உருளைக் கட்டைகளை எடுத்து முன்னால் போட்டார்கள். எல்லோரும் உற்சாகமாக இருந்தோம், பாதி வழி வரைக்கும்.

பாதி வழியில் வீட்டுக்குள் போன் அடித்தது.

கத்தல் நின்றது. காளைகள் மட்டும் நடந்தன. உள்ளே ஒருவருமில்லாத வீடு, சரிவில் இறங்கிக்கொண்டே அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. ஒராசியோவுக்கே கேட்டது, தொப்பியைக் கழற்றிக்கொண்டார். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாஸ்னா வீட்டின் பக்கவாட்டில், சமையலறை ஜன்னலுக்கு நேராக நடந்து வந்துகொண்டிருந்தாள். கை நீட்டினால் எட்டும். அவள் கை ஏப்ரன் பைக்குள் போனது, பழக்கம். அங்கே ஒன்றுமில்லை. கையை வெளியே எடுத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"காளைக்குக் காது கேக்கலையா? இழுங்கடா!" என்றார் தோன் செகுந்தோ. இழுத்தார்கள்.

கரையில் தண்ணீர் ஏறும் வரை காத்திருந்தோம். பீப்பாய்களைக் கட்டினார்கள். கடல் வந்து வீட்டின் அடியில் புகுந்து மெல்லத் தூக்கியது. படகுகள் இழுத்தன, யாஸ்னா முதல் படகில் இருந்தாள். நான் பின்னால் வருகிற படகில் ஏறப்போனபோது என் போன் அடித்தது.

"அக்கா, என்ன பண்ற?"

"சிப்பி பொறுக்கறேன்," என்றேன். முழங்கால் வரை தண்ணீரில்தான் நின்றேன்.

"யாஸ்னா போன் எடுக்கல."

"ஆணியில மாட்டிட்டு வேலையா இருப்பா."

"இருக்கட்டும், இருக்கட்டும்." அவன் குரல் வேறு மாதிரி இருந்தது. சின்ன வயதில் கீழே விழுந்துவிட்டு வந்து நிற்பானே, அந்தக் குரல். "அக்கா, அவ புள்ளி இப்பக் கடல்ல நிக்குது. காலைல மெதுவா எறங்குச்சு, கரையில ரொம்ப நேரம் நின்னுச்சு, இப்பக் கடலுக்குள்ள போய்ட்டிருக்கு. முன்னாடின்னா நான் செத்தே போயிருப்பேன்."

என் கண் முன்னால் மஞ்சள் வீடு தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது.

"நேத்து இங்க ஒருத்தன் போன்ல விளையாட்டுக்கு என் புள்ளியையும் போட்டுப் பாத்தேன். நான் கேன்டீன்ல சூப்பு குடிச்சிட்டிருக்கேன், அது என்னைக் கடல்ல காட்டுது. பாலைவனத்துல இருக்கேன்கா, கடல்ல காட்டுது! எல்லாரும் சிரிச்சானுங்க. எனக்குச் சிரிப்பு வரல. நீ சொன்னது சரி. அது உளறுது. நான் அவளை என்னென்ன சொல்லிட்டேன்..."

அழுதான். கூடவே மூக்கை உறிஞ்சினான்.

"இப்பவே அழிச்சிடறேன். நீ லைன்லயே இரு." இருந்தேன். "போச்சு. அழிச்சிட்டேன். அவகிட்டச் சொல்லுக்கா. நான் அதை நம்பலன்னு சொல்லு. கடல்ல நின்னப்பவும் நம்பலன்னு சொல்லு."

"சொல்றேன்," என்றேன்.

அவன் மேல் எனக்கு அப்போது வந்த பாசத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் கத்தியிருப்பான், நான் அழுதிருப்பேன். ஆனால் இதை முதலில் கேட்க வேண்டியவள் யாஸ்னா. படகுக்காரனை விரட்டினேன். நடுக்கடலில் முதல் படகை எட்டி, ஓரத்தில் ஒட்டச் சொல்லி, எல்லாவற்றையும் யாஸ்னாவிடம் சொன்னேன். அவன் அழுததையும் மறைக்கவில்லை.

"திருப்பச் சொல்லட்டுமாடி? இன்னும் பாதி தூரம் இருக்கு. தோன் செகுந்தோ திட்டுவாரு, திட்டட்டும்."

அவள் வீட்டைப் பார்த்தாள். அலையில் அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"நான் போகலைன்னு நான் சொன்னேன், நம்பல. கையில நூல் கட்டிக்கிட்டு நீங்க சொன்னீங்க, நம்பல. எவனோ ஒருத்தன் போனைக் காட்டுனதும் நம்பிட்டாரு." தலையை ஆட்டிக்கொண்டாள். "அவரு என்னை நம்பல அண்ணி. அந்த மிஷின நம்பாம போய்ட்டாரு, அவ்ளோதான்."

படகுகள் போய்க்கொண்டே இருந்தன.

அக்கரையில் அவள் அண்ணன்மார்கள் காளைகளோடு நின்றார்கள். வீடு ஏறியது. அடுக்கிவைத்த கற்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததும் தோன் செகுந்தோ வழக்கம்போலக் கேட்டார்: "அம்மா, எந்தப் பக்கம் பாத்து வைக்கட்டும்?" சும்மா மரியாதைக்குக் கேட்பது. எங்கள் வீடுகளெல்லாம் கடலைப் பார்த்துத்தான் நிற்கும்.

"முதுகு கடல் பக்கம்," என்றாள்.

"கடலுக்கு முதுகா? அது ஜன்னலே இல்லாத சுவராச்சே."

"அதான்."

அவர் தொப்பியை ஒரு முறை தூக்கி வைத்துக்கொண்டு காளைகளைத் திருப்பச் சொன்னார். அன்று குழியில் வெந்த சிப்பியும் பன்றிக்கறியும் எல்லோருக்கும் போதுமான அளவு இருந்தது. போன் கூடை அப்படியே மூலையில் கிடந்தது. யாரும் அவசரப்பட்டு எடுக்கவில்லை.

அதுவரை, அவள் போன் கெட்டுப்போய்விட்டது என்றே அவனிடம் சொல்லிவைத்தேன். விடுப்புக்கு வந்த எர்வின் கையில் ஒரு பெட்டி இருந்தது. அவளுக்குப் புது பூட்ஸ். படகிலிருந்து இறங்கி நேரே மேலே ஏறினான். நான் பின்னால் போனேன். வீடு இருந்த இடத்தில் புல் இல்லாத ஒரு சதுரமும், நாலு மூலையிலும் கல்லும், அடுப்புச் சாம்பலும் இருந்தன. கதவு இருந்த இடத்தில் போய் நின்றான். உள்ளே கால் வைக்கவில்லை.

"எங்கக்கா?"

"நீதான் பாத்தியே."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சரிவைப் பார்த்தான், கரையைப் பார்த்தான், புள்ளி போன அதே வழியாக மெதுவாகக் கண்ணை நகர்த்திக்கொண்டே போனான். அன்று மழை இல்லை. அக்கரையில் மஞ்சள் சுவர் தெளிவாகத் தெரிந்தது. ஜன்னல் இல்லை, கதவு இல்லை, வெறும் முதுகு. பெட்டியைக் கல்லின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டவே இல்லை. இன்னும் விடுப்புக்கு வரும்போதெல்லாம் அந்தக் கல்லில்தான் உட்காருகிறான். அக்கரைக்குப் போவதில்லை. போக வேண்டாம் என்று நான் சொல்லவும் இல்லை.

நான் போவேன். போன மாதம் போய் இரண்டு நாள் தங்கினேன். அவள் உடம்பு தேறியிருந்தது. நிலத்தில் பூண்டு போட்டிருந்தாள். சிரித்தாள். அந்தப் போன் எங்கே என்றேன். வீடு கரையேறியதுமே ஆணியிலிருந்து எடுத்துக் கடலில் போட்டுவிட்டாளாம். எர்வினைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

விடிந்து எழுந்து வந்தபோது யாஸ்னா கதவருகே குந்தியிருந்தாள். நிலைப்படியோரம் கோதுமை மாவு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சீராகத் தூவியிருந்தது. முகத்தைத் தாழ்த்தி, மூச்சுக்காற்று பட்டு மாவு கலையாதபடி வாயைக் கையால் பொத்திக்கொண்டு, அதை ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தடம் ஏதும் இல்லை. அதற்குப் பிறகுதான் எழுந்து கதவைத் திறந்தாள்.